சக உறுப்பினர் மீது அவையில் குற்றம் சாட்டுவது எப்படி: மக்களவை விதிகளின்படி ஒரு நடைமுறை வழிகாட்டி

மக்களவையில் ஓர் உறுப்பினர் எழுந்து, எதிர் வரிசையில் இருப்பவரைப் பார்த்து, "இந்த ஒப்பந்தத்துக்கு நீங்கள் பணம் வாங்கினீர்கள்" என்கிறார். அவை கொந்தளிக்கிறது. அந்தச் சொற்களை நீக்கும்படி சபாநாயகர் ஆணையிடுகிறார். பிறகு அவைக் குறிப்பை எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் சில நட்சத்திரக் குறிகள் இருக்கும். பக்கத்தின் அடியில் அவைத் தலைவர் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். மக்களவை விதி 380 நீக்கும் அதிகாரத்தைத் தருகிறது, 381 நட்சத்திரக் குறியையும் அடிக்குறிப்பையும் சொல்கிறது. குற்றச்சாட்டு உண்மையாகவே இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லும் கடமை இனி யாருக்கும் இல்லை. பத்து வருடம் கழித்து ஓர் ஆய்வாளர் தேடினாலும் கிடைக்காது.

அவைக் குறிப்பில் நிற்காத குற்றச்சாட்டால் பொதுமக்களுக்குப் பயனில்லை. அது நிற்பதும் நிற்காததும் பேசும் நாளில் அல்ல, அதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. உறுப்பினர்களுக்கும், அவர்களுக்குக் குறிப்பு எடுத்துத் தரும் உதவியாளர்களுக்கும், நாடாளுமன்றச் செய்தி எழுதுகிறவர்களுக்கும் பயன்படும்படி அந்த வேலைகளை இங்கே சொல்கிறோம்.

முதலில்: இது விமர்சனமா, குற்றச்சாட்டா?

எல்லாத் தவறும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

"டெண்டர் விடாமல் மூன்று ஒப்பந்தங்கள் தரப்பட்டிருக்கின்றன. காரணத்தை அமைச்சர் சொல்ல வேண்டும்."

"வேண்டியவர்களுக்குக் கொடுப்பதற்காகவே அமைச்சர் டெண்டரைத் தவிர்த்தார்."

"இந்த மூன்று ஒப்பந்தங்களுக்காக அமைச்சர் பணம் வாங்கினார்."

முதலாவது நிர்வாகத்தைப் பற்றிய விமர்சனம். இதற்கு யாருடைய அனுமதியும் முன்னறிவிப்பும் வேண்டாம். எவ்வளவு கடுமையாகவும் சொல்லலாம். இரண்டாவது உள்நோக்கம் கற்பிப்பது. விதி 352-இன் இரண்டாம் உட்பிரிவு இதைத் தடுக்கிறது: இன்னொரு உறுப்பினருக்கு உள்நோக்கம் கற்பித்தோ அவர் நேர்மையைச் சந்தேகித்தோ தனிப்பட்ட முறையில் பேசக் கூடாது. விவாதத்துக்கு அது தவிர்க்கவே முடியாதது, அதுவே விவாதப் பொருள் அல்லது அதோடு நேரடித் தொடர்புடையது என்றால் மட்டும் விலக்கு. மூன்றாவது அவதூறும் குற்றமும் சுமத்தும் குற்றச்சாட்டு. இதற்கு விதி 353 பொருந்தும். முன்னறிவிப்பு இல்லாமல் சொல்லவே கூடாது.

மூன்றாவதைக் கேள்வியாக மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். "பணம் வாங்கினாரா, இல்லையா? நான் கேட்கத்தானே செய்கிறேன்" என்றாலும் கேட்பவர் காதில் விழுவது குற்றச்சாட்டுதான். சபாநாயகர் வாக்கியத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, அது யார்மேல் என்ன பழியைப் போடுகிறது என்று பார்க்கிறார். கேள்விக்குறியை நம்பி இறங்காதீர்கள்.

உரையின் வரைவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே 1, 2, 3 என்று எழுதிப் பாருங்கள். இரண்டாம் வகை வாக்கியங்களில் பெரும்பாலானவற்றை முதலாம் வகைக்கு மாற்றிவிட முடியும். மாற்றினால் உரை வலுவிழப்பதில்லை. 'வேண்டியவர்களுக்காக' என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் எப்போது பதிவானது, ஒப்பந்தம் எந்தத் தேதியில் கையெழுத்தானது என்ற இரண்டு தேதிகளை அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவர்களே புரிந்துகொள்வார்கள். மூன்றாம் வகை வாக்கியம் இல்லாமல் முடியாது என்று உறுதியானால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

பழி சுமத்தாமல் விவரங்களைக் கொண்டே பேசுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு முந்த்ரா விவகாரம். 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலில் அவையில் கேள்விகள் எழுந்தன; அமைச்சகத்தின் பதில்கள் குறிப்பில் ஏறின. அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி ஆவணங்களோடு பேசினார். எந்தப் பங்கு, என்ன விலை, முதலீட்டுக் குழுவைக் கேட்டார்களா என்ற விவரங்களே அவர் உரையின் பலம். அதன்பின் எம். சி. சாக்ளா விசாரணை ஆணையம் அமைந்தது. சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். ஃபெரோஸ் காந்தி ஆளுங்கட்சி உறுப்பினர் என்பதையும் மறக்க வேண்டாம்.

முன்னறிவிப்புக் கடிதம்

விதி 353 இரண்டு பேருக்கு அறிவிக்கச் சொல்கிறது: சபாநாயகர், சம்பந்தப்பட்ட அமைச்சர். விசாரித்துப் பதில் சொல்ல அமைச்சருக்கு அவகாசம் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று விதியிலேயே இருக்கிறது. மக்களவையில் இந்த விதி சக உறுப்பினருக்கு மட்டுமல்ல, 'எந்த நபருக்கும்' பொருந்தும். அவைக்குள் வந்து பதில் சொல்ல முடியாத வெளியாளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. மாநிலங்களவையில் இதற்கு இணையானது விதி 238ஏ.

எவ்வளவு நேரத்துக்கு முன்பு கொடுக்க வேண்டும்? 'போதுமான' முன்னறிவிப்பு என்கிறது விதி, மணிக்கணக்கு இல்லை. அமைச்சக அதிகாரி கோப்பைத் தேடி எடுத்து, படித்து, அமைச்சருக்குக் குறிப்பு எழுதித் தர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடுங்கள். பிற்பகல் விவாதத்துக்கு அன்று காலை கொடுக்கும் கடிதம் எளிதில் அடிபடும். முந்தைய நாளாவது கொடுங்கள். பழைய கோப்பு என்றால் இன்னும் முன்னதாக.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களுக்கு. ……… தேதி நடைபெறவுள்ள ……… மானியக் கோரிக்கை விவாதத்தில் நான் பேசும்போது, ……… தொகுதி உறுப்பினர் மாண்புமிகு ……… அவர்கள் மீது கீழ்க்கண்ட குற்றச்சாட்டை முன்வைக்க விரும்புகிறேன். விதி 353-இன்கீழ் இது முன்னறிவிப்பு. குற்றச்சாட்டு: ………. இதற்கு ஆதாரமான ஆவணங்கள் மூன்று, இணைப்பில் உள்ளன. இவற்றைச் சரிபார்த்திருக்கிறேன், இவற்றுக்கு நானே பொறுப்பு. இக்கடிதத்தின் நகல் ……… துறை அமைச்சருக்கும் அனுப்பப்பட்டுள்ளது."

'குற்றச்சாட்டு' என்ற இடத்தில் அவையில் சொல்லப்போகும் வாக்கியத்தையே எழுதுங்கள். "ஊழல் குறித்துப் பேசுவேன்" என்று மொட்டையாக எழுதிவிட்டு அவையில் வேறொன்றைச் சொன்னால் அந்த முன்னறிவிப்பு இருந்தும் பயனில்லை. இரண்டு அலுவலகங்களிலும் பெற்றுக்கொண்ட நேரத்தோடு ஒப்புகை வாங்கி, பேசும்போது கையில் வைத்திருங்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. சபாநாயகருக்குக் கொடுத்துவிட்டு அமைச்சரை மறப்பது. நிதித் துறையின் விஷயத்துக்கு வணிகத் துறை அமைச்சருக்கு எழுதுவது. ஒருவர் பெயரைக் கடிதத்தில் எழுதிவிட்டு, பேச்சு வேகத்தில் இன்னும் இரண்டு பேரைச் சேர்ப்பது. கடைசியில் சொன்னது மிக அதிகம் நடக்கிறது. சேர்த்த இரண்டு பெயரும் நீக்கப்படும்போது, கூடவே ஒழுங்காக முன்னறிவித்த பகுதியும் குழப்பத்தில் மாட்டிக்கொள்ளும்.

முன்னறிவிப்பு கொடுத்ததாலேயே அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். அவையின் மாண்புக்குக் குறைவு என்றோ பொதுநலன் எதுவும் இல்லை என்றோ கருதினால் சபாநாயகர் எந்த நேரத்திலும் தடுக்கலாம். தடுத்துவிட்டால் "என்னைப் பேசவிடவில்லை, நான் சொல்ல வந்தது என்னவென்றால்" என்று தொடங்காதீர்கள். அது நீக்கப்படுவதோடு அவைத் தலைமையை மீறியதாகவும் ஆகும். அவருடைய அறையில் சந்தித்தோ கடிதம் எழுதியோ மறுபரிசீலனை கேளுங்கள்.

குற்றம் சாட்டப்படும் உறுப்பினருக்கே ஒரு நகல் அனுப்ப வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆனாலும் அனுப்புங்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பேசினார் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. விஷயத்தை விட்டுவிட்டு அதைப் பற்றியே ஒரு மணி நேரம் சண்டை நடப்பதும் தவிரும்.

ஆவணம்

செய்தித்தாள் நறுக்கு ஆதாரமாகாது. அது ஒரு தொடக்கம் மட்டுமே. அதில் வந்ததைத் தானே சரிபார்த்து, தன் பொறுப்பில் சொல்ல வேண்டும் என்பது அவையில் நெடுங்காலமாக இருந்துவரும் நிலைப்பாடு. "பத்திரிகையில் வந்ததைத்தான் சொன்னேன்" என்ற வாதம் எடுபடாது.

இருப்பதிலேயே பாதுகாப்பானவை ஏற்கெனவே அவை மேசையில் வைக்கப்பட்டவை: தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கைகள், நாடாளுமன்றக் குழு அறிக்கைகள், அமைச்சர்களின் எழுத்துபூர்வப் பதில்கள். பக்க எண்ணும் பத்தி எண்ணும் சொல்லிப் படியுங்கள். அடுத்தது அரசு ஆணைகள், நிறுவனப் பதிவாளரிடம் உள்ள ஆவணங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்கள். பெயர் இல்லாமல் தபாலில் வந்த கடிதத்தை அவைக்கு எடுத்துப் போகவே வேண்டாம்.

ஆவணத்தை மேசையில் வைக்க வேண்டுமானால், சபாநாயகரின் 118-ஆம் வழிகாட்டுதல்படி முன்கூட்டியே நகலைக் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும். விதி 369-இன்படி அதில் உறுப்பினர் சான்றொப்பம் இட வேண்டும். சான்றொப்பம் என்பது இது உண்மை ஆவணம், இதற்கு நான் பொறுப்பு என்று அவைக்குத் தரும் வாக்கு. உதவியாளர் நீட்டிய காகிதத்தில் படிக்காமல் போடும் கையெழுத்தாக அது ஆகிவிடக் கூடாது. பேச்சின் நடுவே காகிதத்தை உயர்த்திக் காட்டி மேசையில் கொடுத்துவிட்டால் அது 'வைக்கப்பட்டது' ஆகாது. சபாநாயகர் பார்த்து அனுமதித்த பிறகுதான் ஆகும்.

நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு என்றால் இன்னொரு வேலி இருக்கிறது. தீர்ப்பை எதிர்நோக்கும் உண்மை விவரங்களைப் பேசுவதை விதி 352 தடுக்கிறது. வழக்கு இருக்கிறது என்பதைக் குறிப்பிட்டு நிறுத்திக்கொண்டு, அமைச்சகம் எடுத்த அல்லது எடுக்காத நடவடிக்கையைப் பற்றிப் பேசுவதே நல்லது.

சொல்

மக்களவைச் செயலகம் அவைக்கு ஒவ்வாத சொற்களைத் தொகுத்து வெளியிடுகிறது. 2022 ஜூலையில் வந்த தொகுப்பு பெரும் சர்ச்சையானது. எந்தச் சொல்லும் தடை செய்யப்படவில்லை, இடம் பொருள் பார்த்து நீக்கப்பட்டவற்றின் தொகுப்பே அது என்று சபாநாயகர் ஓம் பிர்லா அப்போது விளக்கினார். ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, எந்தச் சொல் எதன்மேல் விழுகிறது என்று பார்ப்பது பயன்தரும். "இந்தத் திட்டத்தில் மோசடி நடந்திருக்கிறது" நிற்கக்கூடும். "இவர் மோசடிக்காரர்" நிற்காது. "உறுப்பினர் பொய் சொல்கிறார்" என்பதற்குப் பதில் "உறுப்பினர் சொன்னது உண்மைக்குப் புறம்பானது, ……… அறிக்கை 14-ஆம் பக்கம் வேறு எண்ணைத் தருகிறது" என்றால் நீக்க எதுவும் இருக்காது. எண்தான் அடிக்கும்.

பேச்சு எப்போதும் சபாநாயகரை நோக்கியே இருக்க வேண்டும். 'நீங்கள்' என்று எதிரில் இருப்பவரை நேராகச் சுட்டியவுடனே விவாதம் வாய்ச்சண்டையாகிறது. "சபாநாயகர் அவர்களே, ……… தொகுதியின் மாண்புமிகு உறுப்பினர்" என்று படர்க்கையில் பேசிப் பழகுங்கள். அரசு அதிகாரிகளின் பெயரைச் சொல்லக் கூடாது, பதவியைச் சொல்லலாம். பார்வையாளர் மாடத்தில் இருப்பவரைக் காட்டிப் பேசக் கூடாது. இரண்டும் விதி 352-இலேயே இருக்கின்றன.

தமிழில் பேசும் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் பேச்சை அமைச்சரும் அவைத் தலைவரும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் குரலில்தான் கேட்கிறார்கள். 'கையை நனைத்தார்', 'சுருட்டினார்', 'கூட்டுக் களவாணி' போன்றவை அந்தக் குரலில் நேரடியான திருட்டுப் பழியாக மாறிப் போகும். பழமொழி நூல் அறுந்து எங்கோ விழும். குற்றச்சாட்டு வரும் மூன்று நான்கு வாக்கியங்களை மட்டும் பழமொழியோ கிண்டலோ இல்லாமல் எழுதி, முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளர்களிடம் சேர்த்துவிடுங்கள். மற்ற உரை உங்கள் போக்கில் இருக்கட்டும்.

யார் மீது சாதாரண விவாதத்தில் சொல்லவே கூடாது

குடியரசுத் தலைவர், ஆளுநர் போன்ற உயர் பதவியில் இருப்பவர்களின் நடத்தையை உரிய முறையில் எழுதப்பட்ட தனித் தீர்மானத்தின் மீது மட்டுமே பேசலாம். உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் தம் கடமையில் நடந்துகொண்ட விதம் பற்றிப் பதவி நீக்கத் தீர்மானத்தில் அல்லாமல் பேசுவதை அரசியலமைப்பின் 121-ஆம் பிரிவு தடுக்கிறது. சபாநாயகர்மேல் குறை இருந்தால் 94-ஆம் பிரிவின்படி 14 நாள் முன்னறிவிப்போடு நீக்கத் தீர்மானம் கொண்டுவர வேண்டும்.

உறுப்பினர் என்ற தகுதியை விற்றார் என்பது குற்றச்சாட்டு என்றால், விவாதத்தில் வீசுவதைவிடத் தனி விசாரணை கேட்பதே சரியான வழி. 1951-இல் உறுப்பினர் எச். ஜி. முத்கல் பம்பாய் தங்க வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்று அவையில் அவர்களுக்காகச் செயல்பட்டார் என்ற புகார் வந்தபோது, பிரதமர் நேரு தீர்மானம் கொண்டுவந்து ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவரும் டி. டி. கிருஷ்ணமாச்சாரிதான். முத்கலுக்குத் தன் தரப்பைச் சொல்ல இடம் கிடைத்தது. குழு குற்றத்தை உறுதி செய்தது. நீக்கத் தீர்மானம் நிறைவேறும் முன் அவர் பதவி விலகினார். இன்று அந்த இடத்தில் நெறிமுறைக் குழு இருக்கிறது. மக்களவையில் 2000-இல் தொடங்கி 2015-இல் நிரந்தரமானது. வெளியாள் ஒருவர் புகார் தர வேண்டுமானால் ஓர் உறுப்பினர் வழியாக, பொய்ப்புகார் அல்ல என்ற பிரமாணப் பத்திரத்தோடு தர வேண்டும். உறுப்பினரே தருவதானால் பிரமாணப் பத்திரம் வேண்டாம். வெறும் ஊடகச் செய்தியை வைத்துத் தரும் புகாரைக் குழு ஏற்பதில்லை.

பேசி முடித்த பின்

உட்காருங்கள். குற்றம் சாட்டிவிட்டு வெளியே போய்ப் பேட்டி கொடுப்பது அவை மரபுக்கு மாறானது. விமர்சிக்கப்பட்டவர் பதில் சொல்லும்போது விமர்சித்தவர் அங்கே இருந்து கேட்க வேண்டும். அது அவருக்கு நாம் பட்ட கடன். பதிலில் குற்றச்சாட்டு தவறென்று தெரிந்தால், எழுந்து அந்த வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெறுங்கள். "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று இழுக்க வேண்டாம். அன்றே, அதே அவையில், அதே அளவு தெளிவாகச் சொல்லுங்கள்.

உங்கள் மீது குற்றம் சாட்டப்பட்டால்

கூச்சலிடாதீர்கள். அனுமதி பெறாமல் சொல்வது 'பதிவாகவில்லை' என்ற அடிக்குறிப்போடு போய்விடும். குற்றச்சாட்டு இருக்கும், உங்கள் மறுப்பு இருக்காது. எழுந்து நில்லுங்கள்; பேசிக்கொண்டிருப்பவர் உங்களுக்கு இடம் தருகிறாரா என்று பாருங்கள். தராவிட்டால் ஒழுங்குப் பிரச்சினை (அவை விதி மீறப்படுகிறது என்று சுட்டுவது) எழுப்பி, விதி எண்ணைச் சொல்லுங்கள்: "353-இன்கீழ் முன்னறிவிப்பு உண்டா?" அவ்வளவு போதும். ஒழுங்குப் பிரச்சினையில் உங்கள் நேர்மையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது ஒழுங்குப் பிரச்சினை அல்ல என்று தள்ளப்படும்.

அதற்கான இடம் விதி 357, தன்னிலை விளக்கம். எழுதி முன்னதாகச் சபாநாயகரிடம் கொடுத்து, அனுமதித்த வாசகத்தை மட்டும் படியுங்கள். இதன்மேல் விவாதம் கிடையாது. எதிர்க்குற்றச்சாட்டும் வைக்கக் கூடாது. என்ன சொல்லப்பட்டது, உண்மை என்ன, ஆவணம் எது என்று ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். அவர் சொன்ன எண்ணோ தேதியோ தவறு என்றால் சபாநாயகரின் 115-ஆம் வழிகாட்டுதல் இன்னும் கூர்மையான கருவி: பிழையை ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தால், சபாநாயகர் எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்கலாம்.

உரிமை மீறல் நோட்டீஸ் கடைசி வழி. எழுப்ப விரும்பும் நாள் காலை 10 மணிக்குள் எழுத்தில் தர வேண்டும். பிந்தினால் அடுத்த அமர்வுக்குப் போகும். அண்மையில் நடந்த, குறிப்பான ஒன்றாக இருக்க வேண்டும். சொன்னது தவறு என்று காட்டினால் போதாது. தவறென்று தெரிந்தே அவையைத் திசைதிருப்பினார் என்று காட்ட வேண்டும். பெரும்பாலான நோட்டீஸ்கள் இங்கேதான் விழுகின்றன. 2023 பிப்ரவரி 7 அன்று ராகுல் காந்தி ஆற்றிய உரையின் பல பகுதிகள் நீக்கப்பட்டபோது, ஆளுங்கட்சியினர் அவர்மேல் உரிமை மீறல் நோட்டீஸ்கள் கொடுத்தார்கள். முன்னறிவிப்பின்றிப் பேசினார் என்பது அப்போது முன்வைத்த வாதங்களில் ஒன்று. ஒரு கடிதம் இருந்திருந்தால் எதிர்த்தரப்புக்கு ஒரு வாதம் குறைந்திருக்கும்.

அவைக்கு வெளியே

அவையில் பேசியதற்காக உறுப்பினர்மேல் எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது என்கிறது அரசியலமைப்பின் 105(2) பிரிவு, சட்டமன்றங்களுக்கு 194. தேஜ் கிரண் ஜெயின் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பை மிக விரிவாகவே எடுத்துக்கொண்டது. ஆனால் லஞ்சம் வாங்கிக்கொண்டு பேசுவதற்கு இது கவசமல்ல என்று 2024 மார்ச் 4-இல் சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

பாதுகாப்பு அவைக் கதவோடு நின்றுவிடுகிறது. மேற்கு வங்கச் சட்டமன்ற உறுப்பினர் ஜதீஷ் சந்திர கோஷ், அவைத் தலைவர் அனுமதிக்க மறுத்த தம் கேள்விகளை உள்ளூர் இதழ் ஒன்றில் வெளியிட்டார். அவதூறு வழக்கு வந்தது. அந்த வெளியீட்டுக்கு உறுப்பினர் உரிமை கிடையாது என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீக்கப்பட்ட பகுதியைத் தம் சமூக வலைதளப் பக்கத்தில் போடும் உறுப்பினரும், வாயிலில் நின்று ஒலிவாங்கியில் அதையே திரும்பச் சொல்பவரும் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

செய்தியாளர்களுக்கு அரசியலமைப்பின் 361ஏ பிரிவு தரும் பாதுகாப்பு, தீய நோக்கமில்லாமல் எழுதிய, பெரும்பாலும் உண்மையான அவைச் செய்திக்கு. நீக்கப்பட்டதற்கு அது கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள். பாட்னாவின் 'சர்ச்லைட்' நாளிதழ் பீகார் சட்டமன்ற உரையின் நீக்கப்பட்ட பகுதியை வெளியிட்டு, 1958-இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றது. நேரலையில் எல்லோரும் கேட்டுவிட்டார்களே என்று விட்டுவிடாமல், நீக்க ஆணை வந்ததா என்று பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். நேரலை ஓடிய பிறகும், அன்று மாலையிலும் ஆணை வரலாம்.